ஸ்டென்ட் வைத்த மருத்துவமனை கேஷ்லெஸ் பட்டியலில் இல்லை, பாலிசியை மாற்றவா?

எனக்கு 67 வயது, ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது. அப்போது எடுத்த 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீட்டு பாலிசிதான் ஓடுகிறது. எனக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்த மருத்துவமனை போன மாதம் கேஷ்லெஸ் பட்டியலிலிருந்து (பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கட்டும் மருத்துவமனைகள்) விலகிவிட்டது. வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். டாக்டருக்கு என் ஈசிஜி மனப்பாடம். பாலிசியை மாற்றவா, டாக்டரை மாற்றவா? புதுப்பிக்க இரண்டு மாதம் இருக்கிறது.

பதில் 1:
அவசரப்படாதீர்கள் சார். 2024 ஜனவரி முதல் பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் கேஷ்லெஸ் கேட்கலாம். திட்டமிட்ட சிகிச்சைக்கு 48 மணி நேரம் முன்பே நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். மருத்துவமனையும் சம்மதிக்க வேண்டும், அதுதான் சிக்கல். மறுத்தால் கையிலிருந்து கட்டிவிட்டு, அசல் பில்களைக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம்.

பதில் 2:
மாற்றுவதென்றால் போர்ட் செய்யுங்கள், அதாவது இதே பாலிசியின் தொடர்ச்சியாக வேறு நிறுவனத்துக்கு மாறுங்கள். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். காத்திருப்புக் காலத்தில் (ஏற்கனவே உள்ள நோய்க்கு கிளைம் கிடைக்காத ஆரம்ப வருடங்கள்) நீங்கள் கடந்த வருடங்கள் வீணாகாது. ஆனால் ஸ்டென்டைப் பார்த்துப் புது நிறுவனம் மறுக்கலாம். ஒப்புதல் கைக்கு வரும்வரை பழையதை விட்டுவிடாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி. பில்லிங் கவுண்டரில் விசாரித்தேன், "கட்டிட்டு கிளைம் பண்ணிக்கோங்க" என்றார்கள். பழைய பாலிசியையே புதுப்பிக்கிறேன். முதலில் கையிலிருந்து கட்டுவதற்காக வைப்புநிதியில் 3 லட்சத்தைத் தொடாமல் வைக்கிறேன். மனைவிக்கு அதில் வருத்தம்தான், அது வேறு கதை.