பழைய எம்எக்ஸ்-5க்குப் புது மாடல் ரிம் போடலாமா?

பாலிக் புலாவ் தம்பி:
அண்ணே, என்னோடது 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். இன்னும் ஒரிஜினல் 14 இன்ச் ரிம்தான். பட்டர்வொர்த்தில் இப்போதைய மாடலின் 16 இன்ச் ரிம், 195/50ஆர்16 டயரோடு ஒரு செட் விலைக்கு வருது. அப்படியே மாட்டலாமா?

ஜெலுத்தோங் அண்ணன்:
ரிம் உட்காரும் தம்பி. ரெண்டுக்குமே நாலு போல்ட், அந்த போல்ட் உட்காரும் வட்டம் 100 மிமீ, நடு ஓட்டை 54.1 மிமீ. 2005ல் வந்த மாடலோட ரிம்மை மட்டும் வாங்கிடாதீங்க, அது அஞ்சு போல்ட்.

டயர்தான் விஷயம். டயர் அளவில் முதல் எண் அகலம் மிமீயில், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம்னு, கடைசி ரிம் இன்ச். உங்க 185/60ஆர்14 விட்டம் சுமார் 578 மிமீ. அந்த 195/50ஆர்16 சுமார் 601. நாலு சதவீதம் பெரிசு. வேக மீட்டர் காட்டுறதைவிட காடி (கார்) வேகமா ஓடும், கியர் நீண்டு போன மாதிரி இழுவை குறையும். 1.6 லிட்டர் இன்ஜினுக்கு அது நல்லாவே தெரியும். ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா டயர் மேல இருக்கிற பாடி வளைவில் (ஆர்ச்) உரசவும் வாய்ப்பு உண்டு. அந்த ரிம்தான் வேணும்னா 195/45ஆர்16 போடுங்க, 582 வரும்.

என்னைக் கேட்டா லேசான 15 இன்ச் ரிம், 195/50ஆர்15. விட்டம் 576. பினாங்கு தெலுக் பஹாங் மலை வளைவில் அந்தக் காடி கையில் பேசும், பெரிய ரிம் அந்த சுகத்தைக் கெடுத்துடும். ரிம் பார்க்க நல்லா இருக்குன்னு மயங்காதீங்க, தராசில் வைச்சு எடையைப் பாருங்க.

செந்தூல்காரர்:
அண்ணன் சொன்னது சரி. டயர் ஃபெண்டருக்கு வெளியே நீட்டக் கூடாது, புஸ்பாகோம் வண்டிச் சோதனையில் மாட்டும். தயாரிச்ச வாரம், வருஷம் டயர் பக்கத்தில் நாலு இலக்கமா இருக்கும், அதையும் பாருங்க.

பாலிக் புலாவ் தம்பி:
நன்றிண்ணே. 15 இன்ச்சே தேடுறேன்.