ஆமவாத வீக்கத்துக்கு மணல் கிழி: யாருக்காவது அனுபவம் உண்டா?

பொருநைக்கரை:
அம்மாவுக்கு ஆமவாதம், இங்கிலீஷ்ல ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். அதுக்கான ரத்தப் பரிசோதனை ஆர்ஏ ஃபாக்டர் பாசிட்டிவ், நோயை அடக்க வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மருந்து. அது இருந்தும் மழைக்காலம் வந்தா விரல் மொழியெல்லாம் வீங்கிடும், தொட்டா சுடும். ஆளாளுக்குச் சொன்ன தைலம் அலமாரி நிறைய இருக்கு. போன ஐப்பசியில நாகர்கோவில் பக்கம் ஒரு ஆயுர்வேத வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கையைப் பிடிச்சுப் பார்த்தவர், "இந்தச் சூடு அடங்குற வரைக்கும் ஒரு சொட்டு எண்ணெய் படக் கூடாது"ன்னுட்டார். மணலை இரும்புச் சட்டியில வறுத்து, துணியில முடிஞ்சு, முதல்ல தன் புறங்கையில வச்சுப் பார்த்துட்டுத்தான் அம்மா மணிக்கட்டுல ஒத்துனார். "எண்ணெய் போடாமலா?"ன்னு அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாங்க. மறுநாள் காலையில ஜாக்கெட் கொக்கியை அவங்களே மாட்டிக்கிட்டாங்க. என்னைக் கூப்பிடலை.

மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தச் சொல்லலை, மூட்டை அரிக்கிற நோய், அதை விட்டுடாதீங்கன்னார். இத்தனை வருஷத்துல தைலம் கொடுத்த ஒருத்தரும் சூடு இருக்கிறப்ப எண்ணெய் கூடாதுன்னு சொல்லலையேன்னுதான் மனசு ஆறலை.

தேனீமலர்:
எண்ணெயே கூடாதுன்னு பொதுவா எழுதாதீங்க தம்பி. எங்க அப்பாவுக்குக் கால் பெருவிரல் செக்கச்செவேல்னு வீங்கும். போர்வை நுனி பட்டாலே அலறுவார். பிண்டத் தைலம் போட்டுத்தான் எரிச்சல் அடங்குச்சு. மஞ்சிட்டி, நன்னாரி, குங்கிலியம், தேன்மெழுகு சேர்த்து நல்லெண்ணெயில காய்ச்சுறது. வேட்டியெல்லாம் சிவப்புக் கறை. அப்பா அன்னைக்கு அசந்து தூங்கினதை என்னால மறக்க முடியாது.

பொருநைக்கரை:
அக்கா, அது வாதரத்தம், யூரிக் ஆசிட் சமாச்சாரம். ஆமவாதத்துல ஆமம், அதாவது சரியாச் செரிக்காத கசடு, கிடக்கிறப்ப எண்ணெய் தடவினா இன்னும் கனத்துப் போகும்னார்.

தேனீமலர்:
சரி, அப்ப எந்த வீக்கம்னு தலைப்பிலேயே போடுங்க. படிக்கிறவங்க எல்லாரும் ரத்தம் பரிசோதிச்சுட்டா வர்றாங்க?

பொருநைக்கரை:
மாத்திட்டேன் அக்கா.

கொங்குச் சித்தப்பா:
எனக்கு முட்டி வலி. வீட்டம்மா சுடுற முடக்கத்தான் தோசையில காலை விறைப்பு குறைஞ்சிருக்கு. அவ்வளவுதான் என் கதை. ஆனா வீக்கத்துக்குன்னு எல்லாரும் மஞ்சளைத் தப்பாச் சாப்பிடுறீங்க. மஞ்சள் தூள்ல குர்குமின்ங்கிற சத்து சுமார் 3 சதவீதம்தான், அதுவும் ரத்தத்துல லேசுல ஏறாது. 1998-ல் பெங்களூர்க்காரங்க வெளியிட்ட ஆய்வுல, 2 கிராம் குர்குமினோட மிளகுல இருக்குற பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தப்ப, உடம்புல ஏறுறது சுமார் 20 மடங்கு கூடுச்சு. அதனால மிளகு தட்டிப் போட்டு, ஆடையோட பால்ல குடிங்க. ராத்திரி தயிர் வேண்டாம், பகல் தூக்கம் வேண்டாம், பசிக்காம சாப்பிட வேண்டாம், குடிக்கிற தண்ணியில சுக்கு தட்டிப் போடுங்க. ஆமவாதத்துக்கு உள்ளுக்கு விளக்கெண்ணெயைத்தான் பழைய நூல்கள் சிங்கம்னு சொல்லுது, வைத்தியர்கிட்ட அளவு கேட்டுக்கங்க.

சந்திரா சிஸ்டர்:
சித்தப்பா, அந்த 20 மடங்குதான் எனக்குப் பயம். என் மாமனார் இதய வால்வு மாத்தினவர், ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுக்கிறார். யாரோ சொல்லி, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்சூல் வாங்கிப் போட்டிருக்கார். பேத்தி கையைப் பிடிச்சு இழுத்த இடத்துல முன்கை முழுக்கக் கத்திரிப்பூ நிறத்துல ரத்தம் கட்டிடுச்சு. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டுற ஐஎன்ஆர் பார்த்தா எகிறிக் கிடக்கு. குழம்புல போடுற மஞ்சளை நான் சொல்லலை, கேப்சூலைச் சொல்றேன். மிளகு மஞ்சளை மட்டும் ஏத்தாது, சில மாத்திரைகளையும் ஏத்தும். சீந்தில் கொடியையும் கண்டபடி குடிக்காதீங்க. 2021-ல் மும்பை டாக்டர்கள் சீந்தில் எடுத்தவங்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை எழுதினாங்க. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்துச்சு, ஆனா ஆமவாதம் மாதிரி, உடம்போட எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்குற தன்னெதிர்ப்பு நோய் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்காம தொட வேண்டாம்.

பொருநைக்கரை:
அம்மாவுக்கு மெத்தோட்ரெக்சேட்டுக்காகக் கல்லீரல் டெஸ்ட் எடுத்துக்கிட்டேதான் இருக்கோம் சிஸ்டர், கேப்சூல் பக்கமே போகலை. மணல் கிழியை வீட்டுல பண்ணலாமா? அதை யாருமே சொல்லலையே.

பாலக்காட்டு ராஜி:
நான் மாமியாருக்குப் பண்ணியிருக்கேன். மணலைச் சலிச்சு, அலசி, வெயில்ல நல்லாக் காய வைக்கணும். ஈரம் இருந்தா ஆவி அடிச்சு தோல் பொத்துடும். ரெண்டு கிழி கட்டி மாத்தி மாத்தி ஒத்தணும், அழுத்தித் தேய்க்கக் கூடாது. வீக்கம் வடிஞ்சப்புறம்தான் எங்களுக்குக் கொட்டஞ்சுக்காதி தைலம் கொடுத்தாங்க. சர்க்கரையில கை மரத்துப் போனவங்களுக்குச் சூடு தெரியாது, அவங்களுக்குப் பண்ணாதீங்க. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா?