புதுப்பிப்பு: ஏ.டி.எம். காசு தராமல் கணக்கில் கழித்த பணம் திரும்பி வந்துவிட்டது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரம் வேறொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் 20,000 ரூபாய் எடுக்கப் போய், காசு வராமலே கணக்கில் கழிந்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன். முழுத் தொகையும் வந்துவிட்டது.

“இயந்திரம் யாருடையது என்று பார்க்காதீர்கள், அட்டை தந்த வங்கியிடமே முறையிடுங்கள்” என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அந்த யோசனைதான் பலித்தது. இயந்திரம் இருந்த கிளையிலும் அதையே சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் வங்கியில் படிவம் நிரப்பி, பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்தேன். அச்சு மங்கியிருந்தாலும் இயந்திர இலக்கமும் கொடுக்கல் வாங்கல் இலக்கமும் வாசிக்கக்கூடியதாக இருந்தன. அவற்றை வைத்துத்தான் இயந்திரத்தின் பதிவையும், காசுப் பெட்டியில் மிஞ்சிய தொகையையும் ஒப்பிடுகிறார்கள். அந்தத் தாள் வெயில் பட்டால் வெளிறிவிடும். கையில் வந்தவுடனே படம் எடுத்து வையுங்கள்.

எதிர்பாராத ஒன்று: தொகை வந்தது, வேறு வங்கி இயந்திரத்துக்கான கட்டணம் வரவில்லை. காசே தராத இயந்திரத்துக்குக் கட்டணமா என்று எனக்குப் பொறுக்கவில்லை. மறுபடியும் எழுதிக் கேட்ட பிறகு அதையும் வரவு வைத்தார்கள்.

வங்கிகளைப் பற்றி முறையிட மத்திய வங்கி வைத்திருக்கும் 1935 என்ற தொலைபேசி இலக்கத்தைத் தந்த தம்பிக்கும் நன்றி. அதுவரை போகத் தேவைப்படவில்லை. அங்கே போவதென்றாலும் முதலில் வங்கியிடம் முறையிட்டிருக்க வேண்டும். ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.