பயிற்றுநர் வருகையைக் கூட்டுவதா, பள்ளிக்கு ஆள் கூட்டுவதா?

தரவுப்பித்தன்:
ஆசிரியர் பயிற்றுநர் (வட்டார அளவில் ஆசிரியர்களுக்கு வழிகாட்டுபவர்) அடிக்கடி பள்ளிக்கு வந்தால் கற்றல் உயரும் என்று போன இழையில் பலர் எழுதியிருந்தீர்கள். மத்தியப் பிரதேசத்தின் 'சாலா சித்தி' என்ற பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைப் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் ஆராய்ந்து 2020-ல் வெளியிட்டார்கள். பள்ளிக்குப் பள்ளி மதிப்பீடு, மேம்பாட்டுத் திட்டம், தொடர் வருகை என்று தாளில் எல்லாம் பக்கா. வகுப்பறையில் கற்பித்தலும் மாறவில்லை, பிள்ளைகளின் கற்றலும் ஏறவில்லை. ஆனாலும் அதை வெற்றி என்று சொல்லி நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள்!

வட்டாரவளம்:
அது மேலாண்மைத் திட்டம். கற்பித்தல் ஆதரவோடு அதைப் போட்டுக் குழப்பாதீங்க. ஹரியானாவில் 2012-13-ல் 400 பள்ளிகளில் நடந்த பரிசோதனை வேறு ரகம். மேற்பார்வை அலுவலர்களே முதலில் 15-20 நாள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள், பிறகுதான் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தினம் ஒரு மணி நேரம் 3-5 வகுப்புப் பிள்ளைகளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் வாசிப்பு நிலைப்படி பிரித்து உட்கார வைத்தார்கள். மொழியில் 0.15 திட்டவிலக்கம் (மதிப்பெண்களின் பரவலை வைத்து முன்னேற்றத்தை அளக்கும் அலகு) முன்னேற்றம்.

ஈராசிரியர்:
கணக்கில்?

வட்டாரவளம்:
இந்தி மட்டும்தான் எடுத்தார்கள், கணக்கு ஏறவில்லை. எதை எடுத்தார்களோ அது ஏறியது.

ஈராசிரியர்:
சரி, நம்ம ஊருக்கு வாங்க. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்தும் மற்றவர் தலையில். பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பில் 1-3 மூன்றும் ஒரே அறையில். மலர் குழுவிடம் பயிற்சி நூலைக் கொடுத்துவிட்டு அரும்புகளோடு தரையில் உட்கார்ந்து எழுத்து அட்டையைப் பரப்பினால், அதற்குள் மொட்டுக் குழு எழுந்து நிற்கும். எமிஸ் (பள்ளித் தகவல் இணையதளம்) பதிவு வேறு, நெட்வொர்க் கிடைத்தால். இங்கே வருகை எதைத் தீர்க்கும்? தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடிகளில் நடந்த ஆய்வு இருக்கிறது. அரைநேரப் பணியாளர் ஒருவரைக் கூட்டிய மையங்களில் முன்பருவக் கல்வி நேரம் இரட்டிப்பானது, மொழியும் கணக்கும் ஏறின.

வட்டாரவளம்:
அங்கே கூடுதல் ஆளுக்கு முன்பருவக் கல்விதான் வேலை என்று பிரித்துக் கொடுத்தார்கள். ஹரியானா மாதிரியே வாசிப்பு நிலைப்படி சொல்லிக்கொடுக்க உத்தராகண்டில் தன்னார்வலர்களைப் பள்ளிக்குள் அனுப்பினார்கள், காலி வகுப்பைப் பார்க்கும் வழக்கமான ஆசிரியராக்கிவிட்டது பள்ளி. பலன் பூஜ்யம். பீகாரில் தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்கு வெளியே வகுப்பு எடுத்ததால் திட்டம் தப்பித்தது.

தரவுப்பித்தன்:
பீகாரிலேயே தன்னார்வலர் இல்லாமல் வெறும் பாடப்பொருளோ, பாடப்பொருளோடு ஆசிரியர் பயிற்சியோ கொடுத்த பள்ளிகளில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒதுக்கிய நேரமும் அதற்கென்றே ஓர் ஆளும் வேண்டும். வருகையோ பயிற்சியோ அதற்குப் பிறகுதான்.

ஈராசிரியர்:
அதைத்தான் கேட்கிறோம். பயிற்றுநர் வருகிற அன்று பின்வரிசையில் உட்கார்ந்து உற்றுநோக்கல் படிவம் நிரப்ப வேண்டாம். மொட்டுக் குழுவை 40 நிமிடம் எடுக்கட்டும்.

வட்டாரவளம்:
எடுக்கலாம். படிவம் பதிவேறாவிட்டால் அந்த வருகை கணக்கிலேயே வராதே, அதை மாற்றச் சொல்லிக் கேளுங்க முதலில்.