லண்டன் பாஸ்போர்ட்டு இருந்தா ஸ்பெயின்ல ஆஸ்பத்திரி சும்மாவா? சித்தி சித்தப்பாவுக்காக கேக்கேன்

பாளை_பட்டாணி

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல ரெண்டு நாளா இதே பஞ்சாயத்துதான், வெளிநாட்டுல இருக்கவங்க யாராவது தெளிவா சொன்னா நல்லாருக்கும்.

எங்க சித்தி 2002-ல நர்சு வேலைக்கு இங்கிலாந்து போனாவ, மறுவருசம் சித்தப்பாவும் போயி குடோன்ல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுனாவ. ரெண்டு பேருக்கும் இப்ப பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டு. சித்தப்பாவுக்கு 66 முடிஞ்சு கவர்மெண்ட் குடுக்க ஸ்டேட் பென்ஷன் வர ஆரம்பிச்சிட்டு. சித்திக்கு 60, என்ஹெச்எஸ்ங்கிற அங்கத்த கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வேலை பென்ஷன எடுத்துக்கிட்டு நின்னுட்டாவ. அந்தக் குளிர்ல முட்டிய மடக்க முடியல, ஸ்பெயின்ல அலிகாண்டே பக்கம் நம்மூரு மாதிரி வெயில் அடிக்கும், அங்க போய் இருந்துருவோம்னு நிக்காவ. சித்தப்பாவுக்கு சுகர் வேற, மாத்திரை இல்லாம ஒரு நாள் ஓடாது.

இப்ப லீவுக்கு ஊருக்கு வந்திருக்காவ. எங்க மாமா "லண்டன் பாஸ்போர்ட்டுக்கு ஐரோப்பா பூரா வைத்தியம் சும்மாதாம்ல"ன்னு அடிச்சு சொல்லுதாவ. சித்தி "என்ஹெச்எஸ்லயே ஒழைச்சு ஓடா தேஞ்சிருக்கேன், எனக்கு இல்லாம வேற யாருக்குடே"ன்னு கேக்காவ. அங்க ஒரு ஏஜெண்டு வேற ஐரோப்பா ஹெல்த் கார்டு எடுத்துத் தாரேன்னு ஆளுக்கு 60 பவுண்டு கேட்டிருக்கான். எது நெசம்? பிரெக்ஸிட்டுக்கு, அதான் பிரிட்டன் ஐரோப்பிய யூனியன விட்டு வெளிய வந்ததுக்கு அப்புறம் எல்லாம் போச்சுன்னும் ஒருத்தர் சொன்னாரு.

வள்ளியூர்_காத்தாடி

ஒண்ணும் பயப்படாதீரும். எங்க மச்சான் லண்டன்ல இருந்து இத்தாலிக்கு டூர் போன எடத்துல வழுக்கி விழுந்து கை ஒடிஞ்சு, அந்தக் கார்ட காட்டுனான், கவர்மெண்ட் ஆஸ்பத்திரில கட்டு போட்டு அனுப்பிட்டானுவ. கார்டு மட்டும் வாங்கி வச்சா போதும்.

அம்பை_ஆத்தங்கரை

காத்தாடி அண்ணாச்சி, உங்க மச்சான் டூரு போனாரு, இவிய குடியிருக்கப் போறாவ. ரெண்டும் வேற வேற. எங்க மயினி வீடு மலாகா பக்கம் இருக்கு, அவியளுக்கு பாரம் எல்லாம் போட்டுக் குடுத்தது நாந்தான், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்லுதேன் பட்டாணி தம்பி, பொறுமையா படிங்க.

அந்தக் கார்டு பழைய பேரு ஈஹெச்ஐசி, இப்ப ஜிஹெச்ஐசி. போன எடத்துல திடீர்னு முடியாம வந்தா பாக்கதுக்கு உள்ளது அது, அங்கயே வீடு புடிச்சு உக்காந்தவங்களுக்கு இல்ல. அதோட அது ஃப்ரீ. என்ஹெச்எஸ் வெப்சைட்ல நாமளே போட்டா காசே கிடையாது, அஞ்சு வருசம் செல்லும். 60 பவுண்டு கேக்கவன வாசலோட அனுப்பிருங்க.

பாஸ்போர்ட்டுக்கும் வைத்தியத்துக்கும் சம்பந்தமே இல்ல, மாமாட்ட சொல்லிருங்க. என்ஹெச்எஸ்ஸே குடியிருக்கவங்களுக்கு உள்ளதுதான். நெரந்தரமா வெளிய போயிட்டா பிரிட்டிஷ்காரனாவே பொறந்திருந்தாலும் அந்த உரிமை போயிரும், இத்தன வருசம் வரி கட்டுனேன்னு சொன்னாலும் எடுபடாது. திரும்ப அங்கயே வந்து குடியேறுனா அன்னைக்கே மறுபடி கிடைக்கும், அது வேற.

உங்களுக்கு வேண்டியது எஸ்-1 பாரம். நம்ம ஊர்ல இஎஸ்ஐ இருக்குல்லா, சந்தா ஒரு ஊர்ல புடிச்சிருப்பான், மாத்திரைய இன்னொரு ஊரு டிஸ்பென்சரிக்கு மாத்தி வாங்கிக்கலாம், கிட்டத்தட்ட அந்தக் கணக்குதான். பிரிட்டன்ல ஸ்டேட் பென்ஷன் வாங்குத ஆளு ஐரோப்பிய யூனியன் நாட்டுல போயி குடியிருந்தா, அங்க அவருக்கு வைத்தியம் ஸ்பெயின்காரன் பாப்பான், செலவ பிரிட்டன் குடுக்கும். பென்ஷன் முழுசா வரணும்னு கூட இல்ல, கொறைஞ்சது 10 வருசம் சந்தா கட்டிருந்தாதான் பென்ஷனே வரும், 35 இருந்தா முழுசு, சித்தப்பாவுக்கு இடையில எவ்வளவு வந்தாலும் போதும். பிரெக்ஸிட்டுக்கு அப்புறமும் இது இருக்கு, புது ஒப்பந்தத்துல விடாம சேத்துருக்காவ. 2020 டிசம்பர் 31-க்கு முன்னயே அங்க போய் உக்காந்தவங்களுக்கு இதவிட கூடுதல் சலுகை உண்டு, எங்க மயினி அந்தக் கூட்டம், உங்களுக்கு அது இல்ல.

இப்ப சித்தி கதை. கோவிச்சுக்காதீங்க, என்ஹெச்எஸ் வேலை பென்ஷனுக்கு எஸ்-1 கிடையாது. ஸ்டேட் பென்ஷனுக்குத்தான். எங்க மயினியும் நர்சுதான், இத கேட்டுட்டு ரெண்டு நாளு எங்கூட பேசல. ஆனா ஒரு வழி இருக்கு, சித்தப்பா எஸ்-1 வாங்கிட்டா சித்தி அவிய மனைவியா, அண்டி இருக்கவங்கன்னு சேந்துக்கலாம். பொறவு சித்திக்கே ஸ்டேட் பென்ஷன் வரும்போது சொந்தமா ஒரு எஸ்-1 போட்டுக்கணும்.

பாரத்த என்ஹெச்எஸ் பிசினஸ் சர்வீசஸ்ல வெளிநாட்டு வைத்தியத்துக்குன்னு நியூகாசில்ல ஒரு பிரிவு இருக்கு, அங்க போன் போட்டு கேக்கணும். வந்தத ஸ்பெயின்ல இன்ஸ்ங்கிற சோசியல் செக்யூரிட்டி ஆபீஸ்ல பதியணும், முனிசிபாலிட்டில நான் இந்த விலாசத்துல இருக்கேன்னு ஒரு பதிவு உண்டு அதுவும் வேணும், அப்புறம் பக்கத்து ஹெல்த் சென்டர்ல கார்டு தருவாவ. டாக்டர பாக்க காசு இல்ல, மாத்திரைக்கு மட்டும் பென்ஷன்காரங்க ஒரு பங்கு குடுக்கணும், பொதுவா 10 சதவீதம். சுகர் மாத்திரைக்குப் பெரிசா வராது.

தென்காசி_சாரல்

அக்கா எல்லாம் சரியா சொல்லிட்டாவ, ஆனா வீட்டுக்கு அஸ்திவாரம் போடாமலே பெயிண்ட் அடிக்கோம். மொதல்ல விசா வேணும்லா? இப்ப பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு 180 நாளைக்கு 90 நாளுதான் சும்மா இருக்க முடியும். அதுக்கு மேல ஸ்பெயின்ல இருக்கணும்னா வேலை பாக்காத விசான்னு ஒண்ணு, ரிட்டயர் ஆனவங்க அதைத்தான் எடுக்காவ. அதுக்கு மாசம் 2,400 யூரோ வருமானம் காட்டணும், கூட வர ஒரு ஆளுக்கு இன்னொரு 600. ஆக 3,000. முழு ஸ்டேட் பென்ஷனே 2025-26 கணக்குல வாரத்துக்கு 230 பவுண்டு 25 பென்ஸுதான், சித்தப்பா 23 வருசம் கட்டிருந்தா 150 பக்கம்தான் வரும். சித்தி பென்ஷனையும் சேத்து பாத்தாலும் இடிக்கும்னு நெனைக்கேன், பேங்குல சேமிப்பு இருந்தா அதையும் காட்டலாம். மொதல்ல பென்சில எடுத்து கணக்கப் போடுங்க வே.

பாளை_பட்டாணி

அக்கா, அண்ணாச்சி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சித்திட்ட படிச்சுக் காட்டுனேன், வேலை பென்ஷன் விசயத்துல மொகம் சுண்டிட்டு. கேட்டா அங்க போயி சின்னதா ஒரு தோசைக்கடை போடணும்னு வேற ஒரு ஆசை இருந்திருக்கு. அது நடக்குமா? இன்னொண்ணு, பேசாம ஊரோட வந்துருங்களேன், ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி நடந்து போற தூரம்தானன்னு எங்க அம்மை சொல்லுதாவ.

அம்பை_ஆத்தங்கரை

அந்த விசால தோசை சுட முடியாது தம்பி, சம்பாதிக்கவே கூடாது. பின்னால வேலை பாக்க பெர்மிட்டு கிடைச்சு கடை போட்டா ஸ்பெயின் சோசியல் செக்யூரிட்டிக்கு சந்தா கட்டணும், அப்ப சித்திக்கு வைத்தியம் ஸ்பெயின் கணக்குல வந்துரும், எஸ்-1 தேவையில்ல. எஸ்-1 எந்த வகையிலயும் கிடைக்காதவங்களுக்கு அங்க ஒரு வருசம் குடியிருந்த பொறவு காசு கட்டி அரசாங்க வைத்தியத்துல சேர வழி இருக்கு, 65-க்கு கீழ மாசம் 60 யூரோ, மேல 157. மாத்திரைக்கு முழு வெலை.

புதுவை_பாரிஸ்

நெல்லைக்காரங்க நடுவுல நொழையறேன். நான் ஃபிரான்ஸ். இங்கயும் அதே எஸ்-1 தான், ஆனா இங்க டாக்டருக்கு கைக்காசு குடுத்துட்டு பின்னாடி 70 சதவீதம் திரும்பி வரும், மிச்சத்துக்கு தனியா ஒரு இன்சூரன்ஸ் எல்லாரும் வச்சிருப்பாங்க. எஸ்-1 இல்லாதவங்க மூணு மாசம் இருந்துட்டுதான் விண்ணப்பமே போடலாம். வெயில் மட்டும்தான் வேணும்னா ஸ்பெயினே போங்க, பாரிஸ்ல குளிருக்கு முட்டி இன்னும் மோசமாயிடும்.

தென்காசி_சாரல்

ஊருக்கு வார விசயம் யாரும் சொல்லலியே. ஸ்டேட் பென்ஷன் ஸ்பெயின்ல இருந்தா வருசா வருசம் ஏறும். இந்தியாவுல வந்து குடியிருந்தா ஏறவே ஏறாது, வந்த அன்னைக்கு எவ்வளவோ அதே தொகைதான் சாவுற வரைக்கும். எஸ்-1-உம் இங்க கிடையாது, பிரிட்டனுக்கும் நமக்கும் வைத்திய ஒப்பந்தமே இல்ல. இந்த வயசுல சுகரோட இங்க புதுசா இன்சூரன்ஸ் எடுத்தா பிரீமியத்த கேட்டுட்டு உக்காந்துருவாவ. ஆனா அம்மை சொல்லுததுல ஒண்ணு இருக்கு, முட்டி ஆபரேசன் பண்ணிட்டு படுத்தா கஞ்சி வச்சுக் குடுக்க ஆளு அலிகாண்டேல யாரு இருக்கா?

பாளை_பட்டாணி

அந்தக் கடைசி வரிய வேணும்னே சித்திக்கு படிக்கல அண்ணாச்சி. மாமாட்ட எல்லாத்தையும் சொன்னேன், "அப்ப அந்தப் பாஸ்போர்ட்டு எதுக்குல"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாவ. ஏஜெண்டுக்கு வேண்டாம்னு மெசேஜ் போட்டாச்சு. சித்தப்பா பென்ஷன் கடிதத்த தேடி எடுத்து வச்சிருக்காவ, திங்கக்கிழமை நியூகாசிலுக்கு போன் போடப் போறாவ. அங்க காலைல 9 மணின்னா நமக்கு எப்போ?

வள்ளியூர்_காத்தாடி

இப்ப குளிர்காலம்லா, மத்தியானம் ரெண்டரை. சாப்டுட்டு போடச் சொல்லும், ரொம்ப நேரம் லைன்ல பாட்டு கேக்க வேண்டியிருக்கும்.