அப்பாவுக்குக் காட்ட பழைய விவசாயக் கட்டடம், லண்டன் பக்கம் ஏதாவது?

ஹவுன்ஸ்லோவாசி:
அப்பா, அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அப்பா தச்சு வேலை செய்தவர். அரண்மனைக்குக் கூட்டிப்போனால் சீக்கிரமே வெளியே வந்து உட்கார்ந்துவிடுகிறார், ஆனால் பழைய மரக்கதவு கண்ணில் பட்டால் தடவிக்கொண்டே நிற்பார். நல்ல மரவேலை உள்ள பழைய பண்ணைக் கட்டடம் பக்கத்தில் இருக்கிறதா? அதிகம் நடக்க முடியாது.

மிடில்செக்ஸ்மணி:
உங்கள் பக்கத்திலேயே இருக்கிறதுங்க! ஹீத்ரோவை ஒட்டிய ஹார்மண்ட்ஸ்வொர்த் கிராமத்துக் களஞ்சியம். 1426 வாக்கில் வின்செஸ்டர் கல்லூரி தன் பண்ணை விளைச்சலை வைக்கக் கட்டியது, நீளம் மட்டும் கிட்டத்தட்ட 60 மீட்டர். உள்ளே போனதும் இரண்டு பக்கமும் வரிசையாக ஓக் தூண்கள், ஈரம் ஏறாமலிருக்க அடியில் கல் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள், அங்கிருந்து வளைந்த தாங்குகட்டைகள் விட்டத்தைப் பிடிக்க, அதற்கு மேல் கைமரங்கள் கூரை உச்சிவரை போகும். பெரும்பாலான மரம் அன்று வைத்ததேதான். கவிஞர் ஜான் பெட்ஜமன் இதை மிடில்செக்ஸின் (இந்தப் பகுதியின் பழைய மாவட்டப் பெயர்) கதீட்ரல், அதாவது பேராலயம், என்றார், அது மிகையே இல்லை. பராமரிப்பு இங்கிலிஷ் ஹெரிடேஜ் என்ற பாரம்பரியச் சின்ன அமைப்பு, அனுமதி இலவசம். ஆனால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மாதம் இரண்டு ஞாயிறுதான் திறப்பார்கள், தேதி பார்த்துக்கொண்டு போங்கள்.

எசெக்ஸ்தமிழன்:
கார் இருந்தால் எசெக்ஸில் கிரெஸ்ஸிங் டெம்பிள் என்ற பழைய பண்ணையும் பாருங்கள். பார்லிக்கு ஒன்று, கோதுமைக்கு ஒன்று என இரண்டு களஞ்சியம், டெம்ப்ளர் வீரத்துறவிகள் 13ஆம் நூற்றாண்டில் கட்டியவை. என் கணக்கில் கோதுமைக் களஞ்சியம்தான் அழகு. அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள், இவற்றைக் கட்டிய தச்சர்கள் ஓக்கைக் காயவைக்காமல் பச்சையாகவே இழைத்துப் பூட்டியவர்கள்.

ஹவுன்ஸ்லோவாசி:
சொன்னேன். "பச்சை மரமா? வெடிச்சுடாதா? மூட்டு விட்டுப்போகுமே!" என்று நம்பவே மாட்டேன் என்கிறார்.

எசெக்ஸ்தமிழன்:
சரியான கேள்வி. வெடிக்கும், ஆனால் வெடிப்பு நார்ப்போக்கில் நீளவாக்கில் ஓடுவதால் பெரும்பாலும் தூணின் பலம் குறையாது. காய்ந்த ஓக் இரும்பு மாதிரி, உளி இறங்காது, அதனால்தான் பச்சையாக இருக்கும்போதே வேலையை முடித்தார்கள். மூட்டுக்கும் வழி வைத்திருந்தார்கள்: ஒரு மரத்தின் நாக்கை இன்னொன்றின் துளையில் செருகும் இடத்தில், நாக்கில் போடும் ஆணித்துளையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு ஓக் ஆணியை அடிப்பார்கள், ஆணி இறங்க இறங்க நாக்கு உள்ளே இழுபட்டு மூட்டு இறுகிவிடும். அப்புறம் மரம் காய்ந்து சுருங்கினாலும் அந்தப் பிடி விடாது.

மிடில்செக்ஸ்மணி:
இதோடு ஒன்று. இந்த ஊர்ப் பழைய மரச்சட்டக் கட்டடங்களில் மூட்டுப் பக்கம் ரோமன் எண் மாதிரிக் கீறல்கள் இருக்கும். தரையில் வைத்துப் பொருத்திப் பார்த்து, பிரித்து, மறுபடி மேலே ஏற்றும்போது எது எதோடு சேரும் என்று தச்சர்கள் போட்ட குறி. உள்ளே வெளிச்சம் குறைவு, டார்ச் எடுத்துப் போங்கள், அப்பாவே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.