புதுப்பிப்பு: முழங்கை இடைவெளியும் லேயர் வரிசையும்

கிளிநொச்சியில் சிறுவர்களுக்காக மோஹோ என்ற அனிமேஷன் மென்பொருளில் நாங்கள் உருவாக்கிவரும் கார்ட்டூனில், வரம்பு கட்டும் விவசாயி மண்வெட்டியை ஓங்கும்போது முழங்கையில் இடைவெளி தெரிவதையும், மறுபக்கக் கை உடம்புக்கு முன்னால் வந்துவிடுவதையும் பற்றி முன்னைய பதிவில் கேட்டிருந்தேன். இரண்டும் இப்போது தீர்ந்துவிட்டன.

மேற்கையையும் முன்கையையும் தனித்தனி லேயர்களாக (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்கள் போன்றவை) பிரித்து, அவை சந்திக்கும் முனைகளை ஒரே அளவு வட்டமாக வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, உருவத்தை அசைக்க மென்பொருளில் பொருத்தும் எலும்பின் மூட்டுப் புள்ளியை அந்த வட்டத்தின் நடுவில் வைத்தேன். எந்தக் கோணத்தில் மடக்கினாலும் வட்டம் தன் இடத்திலேயே சுழல்வதால் இடைவெளி விழ வழியில்லை. ஆனால் ஓரக்கோடு முழங்கையைக் குறுக்கே வெட்டித் தெரிந்தது. அதை மறைக்க, கோடில்லாமல் தோல் நிறம் மட்டும் கொண்ட சிறிய வட்டமொன்றை மேலே வைத்து மேற்கை எலும்புடன் பிணைத்தேன். அதன் விட்டம் கோட்டின் தடிப்பளவாவது குறைய வேண்டும், இல்லாவிட்டால் வெளிக்கோட்டையும் விழுங்கிவிடும்.

மோஹோவில் பட்டியலில் மேலே உள்ள லேயரே முன்னால் தெரியும் என்பதால், மறுபக்கக் கை, உடம்பு, தலை, மண்வெட்டி, இப்பக்கக் கை என்று கீழிருந்து மேலாக அடுக்கியிருக்கிறேன். எலும்புகளின் தாய் பிள்ளை உறவு (தாய் அசைந்தால் பிள்ளையும் கூடவே அசைவது) வேறு, இந்த அடுக்கு வேறு. இரு கைகளும் நெஞ்செலும்பையே தாயாகக் கொண்டிருந்தாலும், ஒன்று உடம்புக்குப் பின்னாலும் மற்றது முன்னாலும் தாராளமாக இருக்கலாம். புதிதாகப் பழகுபவர்களை அதிகம் குழப்புவது இதுதான் என்று நினைக்கிறேன்.

வாயசைவுக்கு, பல வாய்ப் படங்களில் ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டும் ஸ்விட்ச் லேயர் போதும். உடம்பு முழுவதும் திரும்பும் காட்சிக்கு மட்டும் இந்த ரிக்கை (எலும்புகள் பொருத்திய உருவ அமைப்பை) வருத்தாமல், பக்கத்தோற்றத்தைத் தனியாக வரையப்போகிறோம்.